தாழ்ப்பாள் விழாத வீட்டில் ஆன்லைன் கவுன்சலிங்

செப்டம்பர் 8, 2024, திருச்சி

கவுன்சலிங் போகலாம் என்று முடிவெடுப்பதுகூடச் சுலபம், யாரிடம் என்று தேடுவதுதான் பெரும்பாடு. ஃபோனில் ஒரு தடவை தேடினேன், அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் யாரோ சிரித்த முகத்தோடு "மனதை லேசாக்குங்கள், முதல் அமர்வு இலவசம்" என்கிறார்கள். அப்படி ஓர் ஆப்பில் போன மாதம் பேசியும் பார்த்தேன். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது, இவர் சிங்கப்பூரில் இருப்பது, பாப்பாவுக்கு பிளஸ் டூ, எனக்கு ஆபீஸ், ராத்திரியில் தூக்கமே இல்லை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "எல்லாத்தையும் பாசிட்டிவா பாருங்க மேம்" என்று பதில் வந்தது. அரை மணி ஆனதும் திரை தானாக அணைந்துவிட்டது, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே.

இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்ள நடைமுறையில் பெரிய தடை ஒன்றும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவெண்ணைக் கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு மேடம் கேட்ட உடனே அனுப்பினார். தமிழிலேயே பேசலாம் என்றார், எனக்கு அதுதான் முக்கியம். மாமியார் சண்டையை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், பாதி காரம் போய்விடும்.

செப்டம்பர் 15

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினேன். பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர் எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

ஆரம்பத்தில் ஒரு சம்மதப் படிவம். வீட்டு முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட ஒருவருடைய நம்பர். இதெல்லாம் எதற்கு என்றேன். "நேர்ல வந்தா நீங்க என் முன்னாடி இருப்பீங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாதுங்களே, ஏதாச்சும் ஆபத்துன்னா நான் யாரைக் கூப்பிடறது?" நியாயம்தான். அப்புறம் இரண்டு கேள்வித்தாள். பி.எச்.க்யூ-9 என்பதில் ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு எப்படி என்று. ஜி.ஏ.டி-7 என்பதில் ஏழு, பதற்றத்துக்கு. ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் போன்ற எண்ணம் வந்ததா என்பது. அந்த இடத்தில் அவர் அவசரப்படவே இல்லை, நான் இல்லை என்று சொன்ன பிறகும் வேறு மாதிரி ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். முதலாவதில் 27க்கு 11, இரண்டாவதில் 21க்கு 13. இரண்டுமே நடுத்தரம். இது நோய்ப்பெயர் இல்லை, எங்கே நிற்கிறோம் என்று பார்க்க ஓர் அளவு என்றார்.

ரத்தத்தில் தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மாத்திரை எழுதுவது அவர் வேலை இல்லையாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். சொன்னது பிடித்திருந்தது.

செப்டம்பர் 29

குழந்தைப் பருவத்தைக் கிளறுவார் என்று நினைத்துப் போனால், மேடம் டைம் டேபிள் கேட்கிறார். காலை நாலரை மணியிலிருந்து யாருக்கு எதை யார் செய்கிறார்கள் என்று வரிசையாக எழுதச் சொன்னார். அத்தைக்கு வெந்நீர், டயப்பர் மாற்றுவது, மாத்திரை, வாக்கரோடு கூடத்தில் நடத்துவது, ராத்திரி கமோடு நாற்காலிக்கு எழுப்பி உட்கார வைப்பது. எழுதி முடித்த தாளில் 'யார்' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். ஒரே ஓர் இடத்தில் பாப்பா. ஓர் இடத்தில் இவர், 'பணம் அனுப்புதல்'.

"உங்க அழுத்தம் முழுக்க மனசுல இல்லீங்க. பாதி இந்தத் தாள்ல இருக்குது" என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார், கவலைப்படுவதற்கென்று சாயங்காலம் இருபது நிமிடம் ஒதுக்கி மற்ற நேரத்தில் வருவதை அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடச் சொன்னார். கொஞ்சம் வேலை செய்கிறது. ஆனால் மூச்சுப் பயிற்சி டயப்பர் மாற்றாது. அதைப் புரிந்துகொண்டவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

அக்டோபர் 10

இன்று உலக மனநல நாள், ஆபீஸில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். அதில் இருந்த 14416 என்ற ஃபோன் நம்பர் உருப்படியான விஷயம். டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022இல் இதே தேதியில் தொடங்கியது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். மேடத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு நடுராத்திரியில் நானே கூப்பிட்டிருக்கிறேன். எடுத்தவர் அறிவுரை சொல்லாமல் கேட்டார். பணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நாளைக்கு ஆயுத பூஜை, ஸ்கூட்டியைக் கழுவ வேண்டும்.

அக்டோபர் 20

மழை பிடித்துக்கொண்டது, மொட்டைமாடி இனி ஆகாது. 'வீட்டிலிருந்தபடியே' என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, பிரச்சினையே வீட்டில்தானே இருக்கிறது! இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது பாத்ரூமில் மட்டும்தான். எங்கள் அறைக் கதவு உப்பிப்போய் நிலையில் பொருந்தாமல் எத்தனையோ வருஷம், யாருக்கும் அது குறையாகவே தெரியவில்லை. போன வாரம் சும்மா சாத்திவிட்டுத்தான் பேசினேன். பாப்பா சார்ஜர் தேடி வந்தாள், "யாரோட பேசுற, பெரியவனா?" என்று கூடத்திலிருந்து அத்தை. 2017 மனநலச் சட்டப்படி நான் சொல்வதை மேடம் வெளியில் சொல்லக் கூடாது. அத்தையின் காதுக்கு எந்தச் சட்டம்?

மேடம் சொன்னார்: "அடுத்த வாரத்துக்குள்ள கதவு. வேற ஹோம்வொர்க் எதுவும் இல்லீங்க." அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். காரணம் அடுக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது.

ஆசாரி வந்து அடிப்பக்கம் இழைத்து, புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ஞாயித்துக்கிழமை ஏழரைலேருந்து எட்டரை வரைக்கும் டாக்டரோட பேசுவேன் அத்தை, கதவு சாத்தியிருக்கும். ஏதாவது வேணும்னா பாப்பாவைக் கூப்பிடுங்க."

"உனக்கென்ன வியாதி?"

"தூக்கம் வரலை."

"அதுக்கா ஒரு மணி நேரம்?"

"ஆமா அத்தை."

அன்று ராத்திரி தோசை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போதும் நான் இந்த இடத்தில்தான் ஓடிப்போய் பால் காய்ச்சிக் கொடுத்து, மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுப்பேன். இந்தத் தடவை தோசையை மூடி வைத்துவிட்டு வந்தேன். பத்து மணிக்கு பாப்பாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், ரெண்டு, சட்னியோடு. இன்றைக்குப் பேசும்போது கூடத்தில் டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருந்தேன். அத்தை இரண்டு தடவை குறைக்கச் சொன்னாராம்.

நவம்பர் 3

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு இவரும் சேர்ந்துகொண்டார். நமக்கு ஏழரை என்றால் அவருக்கு ராத்திரி பத்து, டார்மிட்டரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார். முதலில் "நான் அனுப்புறது பத்தலையா?" என்றுதான் ஆரம்பித்தார். மேடம் வாதாடவில்லை, அந்தத் தாளை அவரையே வாசிக்கச் சொன்னார். நாலரையில் தொடங்கி ராத்திரி கமோடு நாற்காலி வரைக்கும் வாசித்தார். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. பிறகு "அக்காகிட்ட நான் பேசறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததில்லை.

பி.எச்.க்யூ இப்போது 7. தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். கொஞ்சம் கூடுதலாக இருந்தது, வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிடுகிறேன். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, மேடமும் பெருமை கொண்டாடவில்லை. இனி மாதம் ஒருமுறை போதும் என்றார்.

அண்ணி, அதாவது இவருடைய அக்கா, பதினைந்து நாள் வந்து இருப்பதாக ஒப்புக்கொண்டார். "எனக்கும் பி.பி. இருக்கு, ராத்திரி முழிக்க முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், சரி, பகலாவது ஆகட்டும். சென்னையிலிருந்து டிக்கெட் போட்டாகிவிட்டது. கீழ் பெர்த் கிடைக்கவில்லையாம், அதற்கும் எனக்குத்தான் ஃபோன் வந்தது. தம்பியிடம் சொல்லுங்கள் அண்ணி என்று இவர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.