ஒரே வருஷம், நாலு ஆலை

காயின் சேர்க்கிறேன் என்று சொன்னால், "சோழர் காசா, கும்பினிக் காசா?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. நான் சேர்ப்பது நேற்றுவரை யார் சட்டைப்பையிலோ கிடந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து, பத்து. கூடவே அரசு நாணய ஆலைகள் விற்கிற செட்டுகள். வேலூரில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்கிறாய் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

செட் வாங்குவது சுலபம். நாணய ஆலைகளை நடத்தும் எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனத்தின் தளத்தில் கணக்கு தொடங்கி, விற்பனைக்கு விட்டிருப்பதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்கே வந்துவிடும். யு.என்.சி. என்றால் யார் கையும் படாத காசு. ப்ரூஃப் என்றால் மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தது, விலை கூடுதல். பல வருஷங்களாக வந்த நூறு ரூபாய் நினைவு நாணயம் 35 கிராம், அதில் பாதி வெள்ளி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமே போட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிய பிறகு நமக்கு அதில் வேலை இல்லை. புதிதாக ஆரம்பிப்பவருக்கு யு.என்.சி. போதும் என்பது என் கட்சி.

வேலை இருப்பது சில்லறையில். காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரக்கட்டம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே மதிப்பு, ஒரே வருஷம், நாலு ஆலை என்று ஒரு வரிசையை முடிப்பதுதான் விளையாட்டு. எல்லா ஆலையும் எல்லா வருஷமும் எல்லாவற்றையும் அடிப்பதில்லை என்பதால் சில வரிசைகள் மூன்றோடு நின்றுவிடும். பூதக்கண்ணாடி ஒன்று அவசியம். தேய்ந்த காசில் புள்ளியும் வைரமும் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் டவுன் பஸ்ஸை நம்பினேன். காட்பாடி–பாகாயம் வண்டியில் கண்டக்டரிடம் நோட்டை நீட்டி, "அண்ணே, சில்லறையா குடுங்க" என்றால், அவரே நம்மிடம் சில்லறை கேட்கிற ஆள். 2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு அவர் பையிலும் காசு குறைவு. அந்த வழி சரிப்படவில்லை.

எங்கள் பக்கம் என் கைக்கு அதிகம் வருவது நட்சத்திரம். குறியில்லாத கல்கத்தா காசுக்குத்தான் ரொம்ப நாள் திண்டாட்டம். அது கிடைத்த இடம் காந்தி ரோடு. சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில் லாட்ஜும் மெஸ்ஸுமாக இருக்கிற தெரு, கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஊர்ச் சில்லறையையும் பையில் கொண்டுவருகிறார்கள், இங்கேயே செலவழிக்கிறார்கள். இது என் கணிப்பு, கணக்கெடுப்பு அல்ல. ஆனால் அங்கே ஒரு டீக்கடைக் கல்லாவில் கிடைத்த அளவுக்குக் குறியில்லாத காசு ஊரின் இன்னொரு பக்கமான சத்துவாச்சாரியில் எனக்குக் கிடைத்ததில்லை.

பத்து ரூபாய் காயினும் அங்கேதான். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியூர்க்காரர் கொடுத்துவிட்டுப் போன காயின் கல்லாவை விட்டு நகராது. நோட்டு கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்றதும் டீக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையே எடுத்து வைத்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கினு போபா, எவனும் வாங்க மாட்டேன்றான்." உள்ளே வைஷ்ணோ தேவி, ஹோமி பாபா, அம்பேத்கரின் 125-ஆம் பிறந்த ஆண்டு என்று நினைவு நாணயங்கள். மற்றவர்கள் வேண்டாம் என்பதால் எனக்கு முகமதிப்பிலேயே கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஊர் மாறாமல் இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றும்.

ஐந்து ரூபாயில் எனக்குப் பிடித்தது 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டுக் காசு. அவருடைய கையெழுத்து அதில் தமிழிலேயே இருக்கிறது. 1857 கிளர்ச்சியின் 150-ஆம் ஆண்டுக்கும் காசு வந்தது. 1806-இல் எங்கள் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 2006-இல் ஒரு தபால்தலை. காசு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வைத்துக்கொள்ள நடுவில் ஒளிபுகும் தாள் வைத்த அட்டை ஹோல்டர் போதும். பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சை ஏறும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று அம்மா கிளம்பியபோது டப்பாவை அலமாரி மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

வைஷ்ணோ தேவி காயினுக்கு லட்சம் ரூபாய் என்று யாராவது சொன்னால், கமிஷனை முன்கூட்டியே கட்டச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள். தன் பெயரில் இப்படி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

இப்போது கையில் எடுத்திருப்பது 2022 ஜூனில் வெளியிட்ட சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு வரிசை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது என அதில் ஐந்து மதிப்புகள். பன்னிரண்டு பக்க இருபது ரூபாயை மட்டும் கொடுப்பவரும் யோசிக்கிறார், வாங்குபவரும் யோசிக்கிறார். அதனால் அது இன்னும் கைக்கு வரவில்லை.