78 இறக்கைகளும் ஒரு தேயிலை ஃபேனும்

குன்னூரில் எங்களுக்கு ஒரு லேத்துப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து தேயிலை ஃபேக்டரி வேலைதான். போன மழைக்காலத்தில் ஒரு ஃபேக்டரியிலிருந்து உடைந்த ஃபேன் இறக்கை ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். இலை வாட்டும் தொட்டிக்கு அடியில் காற்று தள்ளுகிற ஃபேன், நாலடி விட்டம், நிமிஷத்துக்கு 960 சுற்று மோட்டார். விற்ற கம்பெனியில் கேட்டால், அந்த மாடலே நின்றுவிட்டது, முழு ஃபேனாக வாங்குங்கள் என்றார்களாம்.

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இருப்பதைப் பார்த்து அச்செடுத்து வார்ப்பது. அப்படியே செய்தேன். ஃபேன் சுற்றியது, சத்தமும் வந்தது, காற்றுதான் வரவில்லை. தொட்டியின் இந்த முனையில் இலை சருகாகிறது, அந்த முனையில் பறித்த ஈரம் அப்படியே இருக்கிறது. சூப்பர்வைசர் ஒரு பிடி இலையை என் கையில் வைத்து அழுத்தி, "நீங்களே பாருங்க தம்பி" என்றார். வாடின இலை உருண்டையாக நிற்க வேண்டும். இது கையை விட்டதும் விரிந்துகொண்டது. பத்து வருஷம் ஓடித் தேய்ந்து வடிவம் கெட்டுப்போன இறக்கையைத்தான் நான் நகலெடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா மகன் கோவையில் இஞ்சினியரிங் படிக்கிறான். "மாமா, இதையெல்லாம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே அளந்து வச்சிட்டாங்க" என்று நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைகள் கிடக்கும் தளத்தைத் திறந்து காட்டினான். நாசாவுக்கு முன்னால் அங்கே இருந்தது என்.ஏ.சி.ஏ. என்ற அரசு விமான ஆராய்ச்சி அமைப்பு. 1915-ல் தொடங்கியது, 1958-ல் நாசாவில் கலந்தது. அதன் அறிக்கைகளும் அதே தளத்தில் இருக்கின்றன. பாஸ்வேர்டு கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக எழுதுவதற்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாதாம்.

நம் நாட்டுக் களஞ்சியம் ஒன்றிலும் தேடினோம். தலைப்பு இருந்தது, நாலு வரிச் சுருக்கம் இருந்தது. முழு அறிக்கைக்கு விண்ணப்பம் போடச் சொன்னது. போட்டேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊட்டிப் பக்கம் முத்தோரையில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ரேடியோ டெலஸ்கோப் மலைச்சரிவில் நிற்கிறது, 1970-லிருந்து. சின்ன வயதில் அதைப் பார்த்தபோதிருந்தே, அரசாங்க ஆராய்ச்சி என்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற விஷயம் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் எடுத்தது 1933-ல் வந்த 460-ஆம் அறிக்கை. 78 விமான இறக்கை வடிவங்களை, உள்ளே காற்றை ஓடவிடும் ஒரே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மாதிரி இறக்கை 30 அங்குல நீளம், 5 அங்குல அகலம், அவ்வளவுதான். அந்தச் சின்னத் துண்டு பெரிய விமானம் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று, சுரங்கத்துக்குள் காற்றை 20 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அதில் 4412 என்கிற வடிவத்தைப் பிடித்துக்கொண்டோம். பெயரே அளவுதான்: அகலத்தில் 4 சதவீத வளைவு, அந்த வளைவின் உச்சம் முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை, மேசையில் வைத்து வேலை செய்யலாம். அளவு அட்டவணை, வரைபடத்தின் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பழைய தாளை ஸ்கேன் செய்தது வேறு. பெரிதாக்கிப் படித்துத் தகரத்தில் புள்ளி குத்தி டெம்ப்ளேட் வெட்டினேன். விளிம்பில் விரலை ஓட்டினால், முதுகில் ஓரிடத்தில் லேசாகப் பள்ளம் தட்டியது. முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் முதுகின் உயரம் அகலத்தில் 9.41 சதவீதம், 40 சதவீதத்தில் 9.80. நடுவில் 30-க்கு நான் 9.16 போட்டிருந்தேன். ஏறிக்கொண்டிருக்கிற முதுகு அங்கே எப்படி இறங்கும்? பையன் அதே அறிக்கையிலிருந்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தான்: 9.76. மங்கிப்போன 7-ஐ 1 என்று படித்திருக்கிறேன். முடிவை மட்டும் அச்சிட்டு, அளவையும் சூத்திரத்தையும் அவர்கள் கொடுக்காமல் விட்டிருந்தால், அந்தப் பள்ளத்தோடுதான் வார்த்திருப்பேன்.

அடுத்த சிக்கலையும் பையன்தான் கண்டுபிடித்தான். அந்தச் சோதனைகள் ரெனால்ட்ஸ் எண் (காற்றின் வேகம், அடர்த்தி, பிசுபிசுப்பு, இறக்கையின் அகலம் எல்லாம் சேர்ந்த கணக்கு) சுமார் 30 லட்சத்தில் நடந்தவை. நம்முடையது ஆறு அங்குல அகல இறக்கை, ஃபேன் வேகம். இறக்கையின் முக்கால் நீளத்தில் கணக்குப் போட்டால் 4 லட்சம்கூட வரவில்லை. அந்த அளவில் இறக்கை இன்னும் சீக்கிரம் காற்றை நழுவவிடும். இதற்கென்றே அதே அமைப்பின் ஜேக்கப்ஸும் ஷெர்மனும் 1937-ல் 586-ஆம் அறிக்கை எழுதியிருக்கிறார்கள், ரெனால்ட்ஸ் எண் குறையக் குறைய என்ன ஆகும் என்று. தங்கள் எண்கள் எங்கே செல்லாது என்பதையும் அவர்களே அளந்து போட்டிருந்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து இறக்கை சாயும் கோணத்தைக் குறைத்தோம்: நுனியில் 16 டிகிரி, பாதி நீளத்தில் 27. நுனி நொடிக்கு 60 மீட்டர் ஓடுகிறது, உள்பக்கம் மெதுவாக. அதனால் உள்ளே போகப்போக முறுக்கு கூட வேண்டும். நான் நகலெடுத்த பழைய இறக்கையில் இந்த முறுக்கு பாதிகூட மிஞ்சியிருக்கவில்லை.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. கேட்டலாக்கில் போட்டிருப்பது பெரும்பாலும் கடல்மட்டக் காற்றுக்கு. அங்கே ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோவுக்குச் சற்று மேலே. குன்னூர் உயரத்தில் ஒரு கிலோவைத் தொடுவதே அபூர்வம். சமவெளியில் எடுத்த எண்ணை நம்பி இங்கே ஃபேன் வாங்கிவிட்டு, கரண்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

மரத்தில் பேட்டன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, செதுக்கினேன். அலுமினியம் ஆறும்போது சுருங்கும் என்பதால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு பெரிதாக. கோவையில் வார்த்து வந்தார்கள். எடை பார்த்து, அரம் போட்டுச் சமன் செய்வதற்கே ஒரு வாரம் போனது. முதல் ஓட்டத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வலைக் கதவைச் சாத்திய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். 18 டிகிரியும் முயற்சி செய்தோம், ஆம்பியர்தான் ஏறியது, காற்று கூடவில்லை. திரும்ப 16. நான் நகலெடுத்து வார்த்தது 7.1 ஆம்பியர் இழுத்தது, இது 6.3. மறுநாள் காலையில் தொட்டியின் கடைசி முனையிலிருந்து சூப்பர்வைசர் ஒரு பிடி இலையைக் கொண்டுவந்து நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. அழுத்தினேன், உருண்டையாக நின்றது.

முதலாளிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த டெம்ப்ளேட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார். வார்ப்புக்குக் காசு கொடுத்தவர், அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பேட்டனை அவரிடமே கொடுத்துவிட்டேன். அட்டவணை என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. கோணம், சுற்று, ஆம்பியர், அந்த 9.16 தப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் கோத்தகிரியிலிருந்து மூன்றடி ஃபேனோடு ஒருத்தர் வந்து போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். "உங்க விட்டத்துக்குக் கோணக் கணக்கு மாறும்ணா, அப்படியே போட்டுடாதீங்க. போட்டுப் பார்த்துட்டு ஆம்பியர் எவ்வளவுன்னு சொல்லுங்க, அதையும் இதுல எழுதிடலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.