முன்னறையில் அச்சுப்பொறி, பின்னறையில் மடிக்கணினி

எங்கள் வீட்டில் அச்சுப்பொறி ஒன்றுதான், கணினிகள் இரண்டு. முன்னறையில் ஒன்பது வயதான மேசைக்கணினியும், யூஎஸ்பி வயரால் அதனுடன் இணைந்த அச்சுப்பொறியும் இருக்கின்றன. பின்னறையில் மனைவியின் மடிக்கணினி. அவர் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 5 கற்பிக்கிறார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் வாரம் ஒரு மாதிரி வினாத்தாளாவது தயாரித்து 32 பிள்ளைகளுக்கு அச்சிட வேண்டியிருக்கும். அண்மைக்காலம் வரை அந்த இரண்டு அறைகளுக்கும் இடையில் பென்டிரைவ்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வீட்டு வலையமைப்பு வழியாக மடிக்கணினியிலிருந்தே அந்த அச்சுப்பொறிக்கு அனுப்புகிறோம்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு முன்னறையிலிருந்து குரல் வந்தது: “என்னங்க, தாள் முழுக்க இங்கிலிஷ் எழுத்தா வருது, கொஞ்சம் வந்து பாருங்க.” பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. சக ஆசிரியர் ஒருவர் கொடுத்த பழைய வினாத்தாள் பாமினியில் தட்டச்சிடப்பட்டிருந்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது நிறுவப்படாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழ் மறைந்து அடியிலிருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில் இருப்பதால், அன்றைய தாளெங்கும் அரைப்புள்ளிகள் மிளகு தூவியதுபோல் கிடந்தன. மேசைக்கணினியிலும் பாமினியை நிறுவினேன். எழுத்து சரியாயிற்று; ஆனால் அதிலிருந்த வேர்ட் பழைய பதிப்பு என்பதால் பக்கங்கள் நகர்ந்து, ஐந்தாம் கேள்வியின் படம் ஆறாம் கேள்விக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. எந்தக் கணினியில் தயாரிக்கிறோமோ அதிலிருந்தே அச்சிட வழி செய்வதுதான் முறை என்று அப்போதுதான் உறைத்தது.

வயரை நீட்டிப் பின்னறை வரை கொண்டுபோகலாமே என்று அம்மா கேட்டார். யூஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீற்றர்தான் எல்லை. எங்கள் பின்னறை அதற்கு அப்பால் இருக்கிறது. அப்படியே எட்டினாலும், அச்சுப்பொறியின் யூஎஸ்பி வாய் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கு மட்டுமே கட்டுப்படும். ஆகவே, வலையமைப்பில் பகிர்வது என்று நாம் சொல்லும்போது உண்மையில் பகிரப்படுவது மேசைக்கணினிதான். மடிக்கணினி அனுப்பும் வேலையை வாங்கி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்குக் கொடுக்கும் இடைத்தரகர் அது. இதை மனதில் பதித்துக்கொண்டால், பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கே தேடுவது என்பது தானாகவே தெரியும்.

அமைப்பது சின்ன வேலை. இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். மேசைக்கணினியில் அச்சுப்பொறியின் பண்புகளைத் திறந்து, பகிர்வுப் பக்கத்தில் குறியிட்டு, இடைவெளியில்லாத சிறிய பெயரொன்றைக் கொடுத்தேன். வீட்டு வைஃபையை விண்டோஸ் பொது வலையமைப்பாகக் கருதிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்து வைஃபைக்கும் வீட்டு வைஃபைக்கும் வித்தியாசம் அதற்கு நாம் சொன்னால்தான் தெரியும். தனிப்பட்ட வலையமைப்பு என்று மாற்றி, கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வை இயக்கிவிட்டேன். மடிக்கணினியில் கட்டளை தட்டும் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளையும் மேசைக்கணினியின் பெயரையும் தட்டியதும், அச்சுப்பொறி தெரிவதற்குப் பதிலாகப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டி வந்து நின்றது.

ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கியது அந்தப் பெட்டிதான். மேசைக்கணினிக்கு நான் கடவுச்சொல்லே வைத்ததில்லை. வீட்டுக்குள் யாரிடமிருந்து எதைப் பூட்டுவது என்ற எண்ணம். ஆனால் வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கை, கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே விண்டோஸ் திறந்துவிடும். வலையமைப்பு வழியாக வருபவருக்கு மறுத்துவிடும். நானோ வெற்றிடத்தை விட்டு விட்டு ‘சரி’யை அழுத்திக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக ‘பின்’ (PIN) எண்ணால் உள்நுழைபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனெனில் அந்த எண் அந்தக் கணினியோடு முடிந்துவிடுகிறது. வலையமைப்புக்கு முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். இறுதியில் மேசைக்கணினியில் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, அதை மடிக்கணினியில் நினைவில் வைக்கச் செய்தேன். கடவுச்சொல் பாதுகாப்பையே நிறுத்திவிடும்படி பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, புதிய விண்டோஸ் பதிப்புகளில் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் செல்லுபடியாவதும் இல்லை.

அச்சுப்பொறியோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருளான டிரைவர் விடயத்தில் மட்டும் முன்யோசனை கைகொடுத்தது. 2021 நடுப்பகுதியில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெயரில் விண்டோஸ் அச்சுச் சேவையின் ஓட்டையொன்று அம்பலமானது. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு ஓகஸ்ட்டில் வந்த திருத்தத்துக்குப் பின், பகிரப்பட்ட அச்சுப்பொறியின் டிரைவரை வலையமைப்பு வழியாக நிறுவ நிர்வாகி உரிமை தேவையாயிற்று. செப்டெம்பர் திருத்தத்துக்குப் பிறகு ‘11பி’ என முடியும் பிழை எண்ணோடு பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் இணைப்பு மறுக்கப்பட்டது. இரண்டு கணினிகளையும் முழுமையாகப் புதுப்பித்துவிட்டுத் தொடங்குவதே இதற்குத் தக்க மருந்து. விண்டோஸின் உள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் பதிவேட்டில் பாதுகாப்பை அணைக்கும் வைத்தியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். நான் முதலில் மடிக்கணினியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டுபோய், அச்சுப்பொறியை அதில் நேரடியாக ஒருமுறை செருகி, டிரைவரை நிறுவி, ஒரு சோதனைத் தாள் அடித்துப் பார்த்திருந்தேன். அதனால் டிரைவர் குறித்த கேள்வியே எழவில்லை. பல்பணி அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: விண்டோஸ் பகிர்வில் அச்சு மட்டுமே போகும், ஸ்கேனர் போகாது. பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்ய இப்போதும் முன்னறைக்குத்தான் போகிறோம்.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் மடிக்கணினியில் அனுப்பிய நான்கு பக்கங்கள் வரிசையிலேயே கிடந்தன. மேசைக்கணினி அரை மணி நேரத்தில் உறங்கிவிடும்படி அமைந்திருந்தது. இடைத்தரகர் தூங்கினால் கடை எப்படி நடக்கும்? திரை பத்து நிமிடத்தில் அணையட்டும், கணினி மட்டும் உறங்க வேண்டாம் என்று மாற்றினேன். அடுத்த கோளாறு என் மகனால் வந்தது. விளையாட்டுக் கட்டுப்படுத்தியைச் செருகுவதற்காக அச்சுப்பொறியின் வயரைக் கழற்றி வேறொரு துளையில் மாட்டிவிட்டான். விண்டோஸ் அதைப் புதிய அச்சுப்பொறி என்று எண்ணி ‘நகல் 1’ என்றொரு பதிவை உருவாக்கியது. நான் பகிர்ந்திருந்த பழைய பதிவோ வெறும் துளையைப் பார்த்துக் காத்திருந்தது. வயரைப் பழைய இடத்தில் மாட்டியதும் எல்லாம் சரியாயிற்று. இப்போது அந்தத் துளையைச் சுற்றிச் சிவப்பு நெயில்பொலிஷால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.

நமது ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 4,000 அடிக்கு மேலுள்ள ஹட்டனில் மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடும். தட்டில் விட்டுவைத்த தாள் ஈரத்தை இழுத்து ஓரம் சுருண்டு, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும். பக்கத்தில் நின்று அச்சிட்டால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பின்னறையிலிருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை, வேலை போய்விட்டதாகவே மடிக்கணினி காட்டும். முன்னறையில் அம்மா, “தம்பி, மெசின்ல சிவப்பு லைட் மின்னுது” என்று கூப்பிடுவதுதான் எங்கள் எச்சரிக்கை ஏற்பாடு. அச்சிட்டு முடிந்ததும் மிஞ்சிய தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி வைப்பதால் சிக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மின்சாரம் போய் வந்தால் மேசைக்கணினி தானாக எழுந்துகொள்ளும்படி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அமைக்கலாம். அதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டிருக்கிறேன். ஒக்டோபர், நவம்பர் மாதத்து மாலை இடிமழையில் மின்சாரம் ஒரே மணித்தியாலத்தில் நாலு தடவை போய் வரும். ஒன்பது வயதுக் கணினி அத்தனை தடவையும் விழுந்து எழுந்தால் தாங்காது. மழை ஓய்ந்த பிறகு அம்மாதான் பொத்தானை அழுத்துகிறார்.