நாய் ஒன்று, இருபது டாலர்

விமான நிலைய கார்கோவில், உயிருள்ள விலங்குகளை ஏற்றுக்கொள்ளும் கவுண்ட்டரில் எனக்கு வேலை. பெரும்பாலும் நாய், பூனை, வண்ணமீன்கள். கால்நடை மருத்துவர் சான்று, கூண்டின் அளவு, காற்றுத் துளை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் டிக் போட்ட பிறகுதான் ஏர்வே பில், அதாவது விமானச் சரக்குச் சீட்டு. "ஒரு நாய்க்கு இவ்வளவு பேப்பரா சார்?" என்று கேட்காத ஆள் குறைவு.

அதனால்தான் ரூத் ஹார்க்னஸ் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கில் ஆடை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். உயிருள்ள பாண்டாவைக் கொண்டுவரச் சீனா போன கணவர் 1936 தொடக்கத்தில் ஷாங்காயில் இறந்துபோக, அந்த வேலையைத் தானே கையில் எடுத்தார். குவென்டின் யங் என்ற இளைஞரின் துணையோடு சிச்சுவான் மூங்கில் காட்டுக்குள் போனார். நவம்பரில் ஒரு மரப்பொந்தில் குட்டி கிடைத்தது. சூ-லின் என்று பெயர் வைத்தார்கள். ஷாங்காயில் கப்பலேறும்போது சுங்கத்துறை மறித்தது. ஒருவழியாகக் கிடைத்த அனுமதிச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: நாய் ஒன்று, இருபது டாலர்.

என் கவுண்ட்டருக்கு அந்தச் சீட்டு வந்திருந்தால் நகர விட்டிருக்க மாட்டேன். ஆனால் தொழில்காரனாகப் பார்த்தால் அந்தப் பயணத்தில் குறை சொல்ல அதிகமில்லை. குட்டியைச் சரக்கு அறையில் போடவில்லை. பால்புட்டியும் பால்பவுடரும் முன்கூட்டியே கையில் இருந்தன. காட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை கைக்குழந்தையைப் போலத் தன்னோடேயே வைத்துக்கொண்டார். பேப்பர் பொய், பராமரிப்பு நிஜம். எங்களிடம் பல நேரம் இது தலைகீழாக வரும்: ஃபைல் பளிச்சென்று இருக்கும், கூண்டுக்குள் நாய் எழுந்து நிற்க இடம் இருக்காது.

அதே காலத்தில் ஃபிளாய்ட் டேஞ்சியர் ஸ்மித் என்பவர் இதை வியாபாரமாகவே செய்தார். 1938 டிசம்பரில் ஒரே கப்பலில் பல பாண்டாக்களை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவற்றில் வயதானதற்கு 'பாட்டி' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அது நிமோனியாவில் இறந்தது. எங்கள் கணக்கில் அது வெற்றிகரமான டெலிவரி. உயிரோடு இறக்கினோம், கையெழுத்து வாங்கினோம், அப்புறம் நடப்பது வாங்கியவர் பாடு. இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே உறுத்தும். வழியில் பட்ட குளிரும் பயமும் கையெழுத்து போட்டதும் உடம்பை விட்டுப் போய்விடுமா என்ன?

சூ-லினும் நெடுநாள் இருக்கவில்லை. சிகாகோவின் புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில் 1938 ஏப்ரலில் இறந்தது. அதுவரை பெண் என்றே நினைத்திருந்தார்கள். இறந்த பிறகுதான் ஆண் என்று தெரிந்தது. இன்று ஒரு சாதாரண நாய்க்குக்கூட ஆணா பெண்ணா என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

1984-இல் பாண்டா, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏறியது. காட்டில் பிடித்து விற்பதற்கு இப்போது வழியில்லை. சீனா கடனாகத்தான் தருகிறது. 2012 செப்டம்பரில் சிங்கப்பூருக்குக் காய் காய், ஜியா ஜியா என்று இரண்டு வந்தன. சரக்கு விமானத்தில்தான் வந்தன, ஆனால் குளிரூட்டிய இருப்பிடம் அவற்றுக்காகக் காத்திருந்தது. பார்வையாளர்களை உள்ளே விட்டது நவம்பர் கடைசியில்தான். சூ-லினுக்கு அந்த அவகாசமெல்லாம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் வந்த அன்றே பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு சூழ்ந்துகொண்டார்கள்.