அட்டையில் என் பெயர்

ஜனவரி 30, செவ்வாய்

குறைமாதத்தில் பிறந்த மகளின் எடை 1,390. நேற்றைவிட 20 கிராம் குறைவு. பிறந்த புதிதில் இறங்கத்தான் செய்யும் என்கிறார்கள். சரி.

பிப்ரவரி 1, வியாழன்

பதினோராம் நாள். ஊரில் என்றால் தொட்டில் கட்டி, காதில் மூன்று தரம் பெயர் சொல்லியிருப்பார்கள். இங்கே கண்ணாடிப் பெட்டி. அதில் ஒட்டிய அட்டையில் 'பேபி' என்று போட்டு என் பெயர். டாக்டர்கள் பேசிக்கொள்ளும்போதும் அதே பெயர்தான். "ராத்திரி மூன்று தடவை மூச்சு நின்றது" என்று என் பெயரைச் சொன்னபோது எனக்குத்தான் நின்றது என்று நினைத்தேன். நின்றும்தான் இருந்தது.

42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மார்ச் 4. இவர் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 3, சனி

அம்மா வந்துவிட்டாள். மான்செஸ்டரில் இறங்கி ரயிலில். ஷெஃபீல்டு ஸ்டேஷனிலிருந்து ஹவார்டு தெருவில் ஏறினால் கட்டடத்துச் சுவரில் ஹாரி பிரியர்லியின் பெரிய படம். "யாருடி இந்த ஆளு, எம்.எல்.ஏ.வா?" எவர்சில்வர் கண்டுபிடித்தவர் என்றேன். செருப்பைக் கழற்றாத குறை.

பெட்டியில் மிளகாய்ப்பொடி, பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, நான் பால் குடித்த எவர்சில்வர் பாலாடை. அடியில் என் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. வார்டில் நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது லவ், ஆனால் இப்போதைக்கு ட்யூப் மட்டும்தான் என்றாள். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன், 'இப்போதைக்கு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி.

பிப்ரவரி 4, ஞாயிறு

மூச்சு: இரண்டு முறை. பாதத்தைச் சுண்டினால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 7, புதன்

விடிகாலை மூன்று மணி. தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஓடும்போது படிக்க ஏதாவது வேண்டும். குறைமாதம் பற்றித் தேடக்கூடாது என்று இவர் போனைப் பிடுங்கி வைத்திருந்தார். பிரியர்லி படிக்கிறேன் என்றதும் கொடுத்துவிட்டார்.

1871-இல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. இவரும் 12 வயதில் ஃபர்த் ஆலைக்குப் போனார். எடுபிடியாக நுழைந்து, ஆய்வுக்கூடத்துக்கே தலைவரானார். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்கிறது, ஏதாவது செய் என்றார்கள். 1913 ஆகஸ்ட் 13-இல் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதம். எஃகை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அமிலத்தால் அரிக்க வேண்டும். இது அரிபடவில்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு, எதற்கும் அசையவில்லை. அப்போதே அவருக்குச் சாப்பாட்டுக் கத்திதான் ஞாபகம் வந்தது. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்காரர் ஆயிற்றே.

முதலாளிகளுக்கு ஆர்வமில்லை. கத்தி செய்பவர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவன் என்று கேலி செய்தார்கள். அவர் வைத்த பெயர் 'ரஸ்ட்லெஸ்', துருப்பிடிக்காதது. மோஸ்லி கத்திக் கம்பெனியின் மேனேஜர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் வினிகரில் போட்டுப் பார்த்து, கறையே படவில்லை, 'ஸ்டெயின்லெஸ்' என்றார். பெற்றவர் வைத்த பெயர் நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டது நின்றுவிட்டது. உரிமை யாருக்கு என்ற சண்டையில் பிரியர்லி 1915-இல் வேலையை விட்டுவிட்டார்.

35 மில்லி. இடது பக்கம் மோசம்.

பிப்ரவரி 10, சனி

வலது கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சளாக. பஞ்சில் துடைத்து மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த வயதில் சகஜமாம். எதைக் கேட்டாலும் சகஜம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரிசல்ட் வரவில்லை. ஞாயிறு.

தேடக்கூடாது என்று சொல்லியும் தேடினேன். அதுவும் இந்த ஊருக்கே கொண்டுவந்து விட்டது. 1930 நவம்பர், ஷெஃபீல்டு ராயல் இன்ஃபர்மரி. சிசில் பெய்ன் என்ற இளம் டாக்டர், லண்டனில் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கிடம் பாடம் கேட்டவர். அவரிடமிருந்து பூஞ்சையை வாங்கி வளர்த்து, வடித்த சாற்றைத் தாடிப் புண்ணுக்குப் போட்டிருக்கிறார். கேட்கவில்லை. அப்புறம், பிறந்ததும் கண்ணில் சீழ் வைத்த குழந்தைகளுக்கு. கேட்டது! பென்சிலின் நோயைக் குணமாக்கியதற்கு எஞ்சியிருக்கும் குறிப்புகளில் அதுதான் மிகப் பழையது.

ஆனால் மனுஷன் கட்டுரை எழுதவில்லை. ஒரு வரிகூட. பூஞ்சை ஒரு சமயம் போல ஒரு சமயம் வேலை செய்யவில்லை, விட்டுவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1932-இல் ஷெஃபீல்டுக்குப் பேராசிரியராக வந்த ஃப்ளோரியிடம் பேச்சுவாக்கில் சொன்னதோடு சரி. அந்த ஃப்ளோரிதான் ஆக்ஸ்ஃபோர்டு போய் பென்சிலினை மருந்தாக்கி, 1945-இல் ஃபிளெமிங், செயின் ஆகியோரோடு நோபல் வாங்கியவர். பெய்னின் குறிப்புகள் 1980-களில்தான் வெளியே வந்தன.

எனக்கு அவர் மேல் காலையிலிருந்து கோபம். இங்கே ட்யூபில் ஒரு மில்லி போனாலும் எழுதுகிறார்கள், டயப்பரை எடை போட்டு எழுதுகிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா டாக்டர்? பத்து வருஷம். எத்தனை கண்.

பிப்ரவரி 12, திங்கள்

பயப்பட ஒன்றுமில்லை. சொட்டு மருந்து ஐந்து நாள். அம்மா தாய்ப்பாலை ஒரு துளி கண்ணில் விடச் சொல்கிறாள். பெய்ன் கதையை அவளிடம் சொன்னது என் தப்பு.

பிப்ரவரி 14, புதன்

இவர் வார்டுக்கு வந்ததும் "ஹெலன்" என்று பெயர் வைக்கலாம் என்றார். இந்த ஊரின் கிரெனோசைடில் 1963-இல் பிறந்த ஹெலன் ஷார்மன். விண்வெளிக்குப் போன முதல் பிரிட்டிஷ்காரர். சாக்லேட் கம்பெனியில் வேதியியலாளராக இருந்தவர், காரில் போகும்போது ரேடியோவில் விளம்பரம் கேட்டு விண்ணப்பம் போட்டார்: விண்வெளி வீரர் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை. 1991 மே மாதம், 27 வயதில், சோவியத் விண்வெளி நிலையமான மிருக்குப் போய் எட்டு நாளில் திரும்பினார்.

பெட்டி, ஒயர்கள், முன் அனுபவமின்மை எல்லாம் பொருந்துகிறது. அம்மா, "எலனா, எலியா?" என்றாள். அதோடு முடிந்தது.

பிப்ரவரி 17, சனி

இவர் ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்து வந்து கத்தியில் வைத்தார். ஒட்டியது. பாலாடையில் வைத்தார். விழுந்துவிட்டது. பாத்திரக் கடையில் அம்மா காந்தம் வைத்துப் பார்ப்பது இதைத்தானே. பிரியர்லியின் எஃகு கத்தி எஃகு. நம் எவர்சில்வர் வகையில் நிக்கலும் உண்டு. 18 குரோமியம், 8 நிக்கல் என்ற கணக்கை 1924-இல் வகுத்தவர் ஹாட்ஃபீல்டு. பிரியர்லி எழுந்துபோன அதே ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அதற்கும் முன்பே, 1912-இல், நிக்கல் சேர்த்ததற்கு ஜெர்மனியில் க்ரூப் கம்பெனி காப்புரிமை கேட்டிருக்கிறது என்று இவர் இழுத்தார். போதும் என்றேன்.

இரண்டு வாரமாகத் தப்பான ஆளைக் கும்பிட்டிருக்கிறோம். அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

மூச்சு: பூஜ்யம்.

பிப்ரவரி 21, புதன்

நர்ஸ் என்னை வெளியே துரத்தினாள். அம்மாவோடு பார்க்கர்ஸ் பூல் வரை நடந்தேன். சிட்டி ஹாலுக்கு எதிரே இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கும் வெண்கலச் சிலை. இரண்டு உலகப் போரிலும் ஆண்கள் போன பிறகு எஃகு ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்காக 2016-இல் வைத்தது. இரண்டாம் போர் முடிந்ததும் ஆண்கள் திரும்பினார்கள், பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றி சொல்ல எழுபது வருஷம்.

அம்மா பீடத்தைச் சுற்றி வந்து, "இதுங்க பேர் என்ன?" என்றாள். குறிப்பாக யாரும் இல்லை, எல்லாருக்கும் சேர்த்து என்றேன். "அதெப்படி. ஆளுக்கொரு பேர் இருந்திருக்கும்ல."

மழை பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் ஏற்றம். தையல் போட்ட இடம் இழுத்தது.

பிப்ரவரி 24, சனி

1,980. பாட்டிலில் பத்து மில்லி அவளாகவே குடித்தாள். குடித்துவிட்டு, மலை ஏறி வந்தவள் மாதிரி தூங்கிவிட்டாள். வீட்டில் அம்மா பாலாடையைத் தினமும் வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து வைக்கிறாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மறுபடியும் மூச்சு. ஒரு தடவை. மணி 2:14. இன்று எழுத எதுவும் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

2,150. ட்யூப் எடுத்தாயிற்று. கார் சீட்டை மாட்டத் தெரியாமல் இவர் நாற்பது நிமிஷமாகக் கீழே நின்றுகொண்டிருக்கிறார். பதிவு அலுவலகம் நாளை காலை 10:20. இரண்டு பெயர் மிச்சம். அம்மா பாலாடையைத் திருப்பி வைத்து, என் பெயருக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் அளக்கிறாள். நான்கு எழுத்துக்கு மேல் போனால்