பித்தநீர் கேட்ட வைரஸ்

செல் வளர்ப்புக் குடுவையை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் செல்கள் பாய் விரித்தது போல ஒட்டிக்கிடக்கும். குடலில் தொற்றும் வைரஸ் வகையான என்டெரோவைரஸ் ஒன்றை உள்ளே விட்டால் சில நாட்களில் அவை சுருங்கி, உருண்டு, கழன்று மிதக்கும். வைரஸ் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் அப்படிப் பிடிகொடுக்கவில்லை. 1968ல் அமெரிக்காவின் ஓஹையோவில், நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவின. 1972ல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற ஆய்வாளர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்த வைரஸைக் காட்டினார். கண்ணால் பார்த்தாயிற்று, வளர்க்கத்தான் வழியில்லை. எத்தனையோ வகைச் செல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேல் இதே கதை.

அப்புறம் 2016ல் ஹூஸ்டனில், பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழு மனிதக் குடலின் தண்டுச் செல்களிலிருந்தே (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) ஒரு குட்டிக் குடலை வளர்த்து, அதை ஒரே அடுக்காகப் பரப்பி, வைரஸை விட்டது. வளர்ந்தது! சில வகைகள் மட்டும் அதற்கும் மசியவில்லை. கொஞ்சம் பித்தநீர் சேர்த்த பிறகுதான் அவையும் பெருகின. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். குடலுக்குள் வைரஸ் தினமும் ஊறிக்கிடக்கும் திரவம் அல்லவா!

அதுவரை எந்தக் கிருமிநாசினி வேலை செய்யும் என்பதைக்கூடப் பெரும்பாலும் பூனை, எலிகளைத் தாக்கும் உறவுக்கார வைரஸ்களை வைத்துத்தான் ஊகித்தார்கள். இப்போது சூடாக்கிய பிறகு, குளோரின் போட்ட பிறகு மனித நோரோவைரஸ் இன்னும் பெருகுகிறதா என்று நேரடியாகவே பார்க்க முடிகிறது.