இரண்டு நொடி வெளிச்சம்

மார்ச் 4

மானிட்டர் போய்விட்டது. சுவிட்சைப் போட்டால் படம் பளிச்சென்று வருகிறது. இரண்டு நொடி. அப்புறம் இருட்டு. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும் இந்த நாட்களிலா இது நடக்க வேண்டும்?

மார்ச் 5

காலையில் வீடியோ கேபிளையே உருவிவிட்டுப் பார்த்தேன். சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு வந்தது, அதுவும் இரண்டு நொடியில் மறைந்தது. கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை.

கேபிளைத் திரும்ப மாட்டி, இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். இருட்டுக்குள் மங்கலாக ஐகான்கள். கோப்புப் பெயர்களைக்கூடப் படிக்க முடிந்தது. பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சரிக்கா, இப்ப தூங்கு” என்றான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்குகள் ஒரேயடியாகச் செத்திருந்தால் அந்த இரண்டு நொடி ஏன்?

மார்ச் 6

வலி. எதையும் தொடவில்லை.

மார்ச் 7

பிரித்தாயிற்று. திருகுகள் நான்குதான், மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் கொக்கி. திருப்புளியை விட்டு நெம்பினால் விளிம்பு நசுங்கும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டுக் கீழ்ப்பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனால் டக் டக்கென்று விடுகிறது. உள்ளே இரண்டு போர்டு. சிறியது படத்தைக் கவனிப்பது. பெரியதில் பவர் சப்ளையும், திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கின்றன.

தம்பி சட்டென்று கையை நீட்டினான். கத்திவிட்டேன். 230 வோல்ட் வரும் வீட்டில், பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட 325 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் சில நேரம் அப்படியே இருக்கும். திருப்புளியால் அதன் இரண்டு கம்பிக் காலையும் தொட்டுப் பொறி பறக்க விடுவது வழக்கம், எனக்கு அது பிடிக்காது. பெரிய வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து வடியவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவனைத் தொட விட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போனான். ஆனால் இதில் சமாதானம் கிடையாது.

அப்புறம் கண்ணில் பட்டது. அலுமினிய வெப்பத்தகட்டை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு. தட்டையாக இருக்க வேண்டிய தலை, பொரித்த பூரி மாதிரி உப்பியிருக்கிறது. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிவு காய்ந்திருக்கிறது.

மார்ச் 8

உப்பிய அந்த எலக்ட்ரோலைட்டிக் வகைக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஈரம். சூடு ஏற ஏற அது வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அது தெரிந்தே, போர்டில் மிகவும் சுடுகிற தகட்டுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோய் நட்டு வைக்கிறார்கள். கோபமாக வருகிறது. விரல் நுனி அளவுப் பொருள், அது வற்றியதற்கு முழு மானிட்டரையும் குப்பையில் போடுகிறார்கள்.

ஆர்டர் போட்டேன். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் 35, 105 டிகிரி தாங்குவது, குறைந்த ஈஎஸ்ஆர் (உள்மின்தடை) வகை. வோல்ட் கூடலாம், குறையக்கூடாது. உயரத்தையும் பார்த்துத்தான் எடுத்தேன், நெட்டையாக இருந்தால் பின்மூடி மூடாது.

மார்ச் 10

வரவில்லை.

தம்பி மறுபடியும் ஆரம்பித்தான். “புதுசு ஒண்ணு வாங்கிடலாம்கா, ஏன் இந்தப் பாடு?” பதில் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்தவளுக்கு இது எப்படிச் செத்த பொருளாகும்?

மார்ச் 12

வந்தது. பழையதை எடுத்து, துளைகளைச் சுத்தம் செய்து, புதியதை வைத்தேன். உடலில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாறினால் வெடிக்கும், அதனால் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் முன் தம்பியையும் பார்க்கச் சொன்னேன்.

இரவு 9 மணி. அதே இரண்டு நொடி.

மார்ச் 13

விடியும்வரை அதே யோசனை. உப்பியவை கெட்டவைதான், மாற்றியது சரி. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இந்த மானிட்டரில் திரைக்கு வெளிச்சம் தருபவை சிசிஎஃப்எல் குழாய்கள், மெல்லிய டியூப்லைட் மாதிரி. அவற்றைப் பற்றவைக்க இன்வெர்ட்டர் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தள்ளும். எல்லாக் குழாயும் மின்னோட்டத்தை ஒழுங்காக இழுக்கிறதா என்று கவனிக்கும். ஒன்று இழுக்காவிட்டாலும், பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அணைத்துவிடும். அந்தக் கவனிப்புக்கு ஆகும் நேரம்தான் என் இரண்டு நொடி!

ஓடும்போது அந்தப் பக்கம் மல்டிமீட்டரைக் கொண்டுபோகக் கூடாது, மீட்டர் போய்விடும். பிளக்கை உருவி, வடியவிட்டு, குழாய்களின் சாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டரின் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரிலும் குழாய்ப் பக்கத்துச் சுருளில் (செகண்டரி) ஓம் அளந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. சரி, அவை தப்பித்தன.

போர்டைத் திருப்பி, போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு ஈயப் புள்ளியாகப் போனேன். கால் மரத்துப்போனது, எழுந்திருக்க மனமில்லை. குழாய் மாட்டும் சாக்கெட்டின் ஒரு பின். அதைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். டிரை சோல்டர், ஈயம் பின்னோடு ஒட்டாமல் விட்டுப்போன இடம். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். பின்னை லேசாக அசைத்தேன், வட்டத்துக்குள் அது மட்டும் தனியாக ஆடியது.

ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்தேன். பளபளவென்று கூம்பாக நின்றது.

மார்ச் 13, இரவு

எரிகிறது. எரிகிறது. எரிந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 14

மூடாமல், சுவரில் சாய்த்து வைத்து, காலையிலிருந்து ஓடவிட்டிருக்கிறேன். தம்பி வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய பழைய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். “இதுவும் கொர்ருன்னு சத்தம் போடுதுக்கா.”

மார்ச் 15

ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் திரையில் இளஞ்சிவப்புச் சாயல், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். குழாய்க்கு வயதாகிறது. மாற்றுவதென்றால் நீளமும் தடிமனும் அச்சாகப் பொருந்த வேண்டும், பேனலையே பிரிக்க வேண்டும், உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் திரையில் தெரியும். குழாய் உடைந்தால் பாதரசம் வேறு. இரண்டு கையும் காலும் முழுசாக வேண்டிய வேலை. திங்கட்கிழமை எக்ஸ்ரே. ஊன்றலாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே குழாயின் நீளத்தை அளந்துவிடுவேன்.